பெருக்கிய வீட்டிற்குக் காவல்

தவக்காலத் தியானத்தில் பங்குகொண்டோம். பல ஆண்டுகளாக ஒளித்து வைத்ததைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இறக்கினோம். பேச்சுவார்த்தையற்றிருந்த பங்காளியின் கையைப் பற்றினோம். பாஸ்குத் திருவிழிப்பில் மெழுகுதிரி ஏந்தி ஞானஸ்நான வாக்குறுதிகளையும் புதுப்பித்தோம். உள்ளம் பஞ்சுபோல் இலேசாயிற்று. ஆனால் பாஸ்கு முடிந்த பத்தாம் நாள் நம் இல்லங்களில் நிகழ்வது என்ன? நாற்பது நாள் மதுவைத் தொடாத கணவன், இழந்ததை வட்டியோடு ஈடுகட்டத் தொடங்குகிறான். பங்காளியின் பெயரைக் கேட்டதும் மனைவியின் முகம் மீண்டும் சுருங்குகிறது.

இதில் வியப்பில்லை. நம் ஆண்டவரே யோர்தானில் ஞானஸ்நானம் பெற்ற கையோடுதான் பாலைவனத்தில் சோதிக்கப்பட்டார். அங்குத் தோற்ற பசாசும், தக்க சமயம் வாய்க்கும் வரைக்குமே அவரை விட்டு அகன்றதாக லூக்காஸ் எழுதுகிறார்.

திண்டுக்கல் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் நமக்குப் புனித இஞ்ஞாசியார் நினைவுக்கு வருகிறார். 1521-இல் பம்ப்ளோனா கோட்டையைக் காத்துநின்று காலில் குண்டடிபட்ட போர்வீரர் அவர். பகைவனின் தளபதி கோட்டையைச் சுற்றிவந்து, மதில் எங்கே வலுவற்றது என்று பார்த்து அங்கேயே தாக்குவான். நம் ஆன்மாவின் பகைவனும் அவ்வாறே செய்கிறான் என்பது அவர் ஞானப் பயிற்சிகளில் தரும் விதி. செங்குத்தான பாறைமேல் நின்ற நம் கோட்டையும் 1790-இல் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது அல்லவா? பாறையின் உயரத்தை நம்பி உறங்கலாகாது. நம் மதில் எங்கே சரிந்திருக்கிறது என்பதைப் பகைவன் அறியுமுன் நாம் அறியவேண்டும்.

டப்ளின் நகரக் கூலித்தொழிலாளி மத்தேயு தால்பொத் தம் மதிலை நன்கு அறிந்திருந்தார். சிறுவயது முதல் குடியில் மூழ்கியவர், 1884-இல் குடிப்பதில்லை என்று வாக்களித்தார். அதுவும் முதலில் மூன்று மாதங்களுக்கே! பின்னொருநாள் பழைய ஏக்கம் உந்த மதுக்கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் கவனிக்கவில்லை. உடனே வெளியேறியவர், அன்றுமுதல் சட்டைப்பையில் காசு வைத்துக்கொண்டு வெளியே செல்வதையே விட்டுவிட்டாராம். 1925-இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் வீதியில் விழுந்து இறக்கும்வரை அவர் மதுவைத் தொடவில்லை. 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

பாவத்திற்கு ஏதுவான சமயங்களை விலக்கவேண்டும் என்று ஞானோபதேசத்தில் சிறுவயதிலேயே படித்தோம். தால்பொத் அதைச் சட்டைப்பையில் செய்துகாட்டினார். நம் ஊரிலும் இது இயலாததன்று. பூட்டுப் பட்டறையிலோ தோல் கிடங்கிலோ சனிக்கிழமை கூலி வாங்கும் சகோதரர், மனைவியை வாசலுக்கே வரச்சொல்லிப் பணத்தை அவர் கையில் தரலாம். சிலர் நகைப்பார்கள், நகைக்கட்டும். கடை இல்லாத தெருவழியே இருவரும் வீடு திரும்பட்டும், அது சற்றுச் சுற்றுவழியாயினும்.