மணல்மீது நிற்கும் அணை

பெருநாளுக்கு மறுநாளாயினும் ஆடிப்பெருக்காயினும், திருச்சி, தஞ்சை வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் கல்லணையே போக்கிடம். கட்டுச்சோற்றுடன் புறப்படுகிறோம். பாலத்தின்மீது நடக்கிறோம். யானைமேல் அமர்ந்த கரிகாலன் சிலையருகே பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறோம். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் எனத் தண்ணீர் நான்காகப் பிரிவதைக் காட்டி, ஈராயிரம் ஆண்டுப் பழமை என்று பெருமையும் பேசுகிறோம்.

அந்தப் பழமை எதன்மீது நிற்கிறது? பாறைமீதன்று, மணல்மீது. ஆழங்காணா ஆற்று மணலில் கல்லைக் கொட்டி, அது தன் பாரத்தாலேயே அமிழ்ந்து நிலைகொள்ளச் செய்த வித்தையே கல்லணை. மணற்படுகையில் அடித்தளம் போடும் பாடத்தைத் தாங்கள் இங்கேதான் கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளரே ஒப்பியிருக்கின்றனர். அந்தப் பாடத்தைக் கொண்டுதான் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில், முக்கொம்பில், மேலணையைக் கட்டினார்.

அதன் கதி என்னவாயிற்று? 2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. அதே மாதத்தில் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூணும் சாய்ந்தது. மணலை அள்ளியதன் விளைவு என்று விவசாயிகள் குமுறினர். அணைக்கு வயதாகிவிட்டது என்று ஆட்சியாளர் விடை பகர்ந்தனர். நூற்றெண்பது ஆண்டு முதுமையென்றால், அதைப்போல் பத்து மடங்கு வயதுடைய கல்லணை இன்னும் நிற்பது எப்படி? வயது அணையைச் சாய்ப்பதில்லை. காலடியில் உள்ளது போனால்தான் சாய்கிறது.

வெள்ளம் வந்தால் மணல் தானே வந்து சேரும் என்பாரும் உளர். எங்கிருந்து வரும்? 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின்னர், மேற்கேயிருந்து உருண்டுவரும் மணல் அந்த நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. வரவு அடைபட்ட பெட்டியிலிருந்து லாரி லாரியாகச் செலவழித்துவிட்டு, ஆற்றின் வள்ளன்மையைப் புகழ்வது யாரை ஏய்க்க?

(பொட்டலத்தாளைப் படித்துறையில் எறிவோரைக் கண்டித்து எழுதுவோர் பலர். எழுதட்டும். படித்துறையே நிற்குமா என்பது நம் கவலை.)

குற்றம் லாரிக்காரர்மீது மட்டுமன்று. வீடு எழுப்பிய நம்முள் எத்தனை பேர், வாசலில் குவிந்த மணல் எந்தப் படுகையது என்று கேட்டோம்? சல்லடையில் சலித்து, இன்னும் இரண்டு லோடு வேண்டும் என்றோம். கல்லணைச் சாலையில் அந்த லாரிகள் எதிர்ப்பட்டபோது, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, வழிவிட்டு நின்றவர்களும் நாம்தாம்.