முத்திரை சரியாத்தான் இருந்தது

ஆணி ஜாஸ்தி, அதனால ரெண்டு மாசமா இந்தப் பக்கமே தலை காட்டலை. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் எங்க பெரியப்பா.

அம்பாசமுத்திரம் பக்கம் சப் போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்போ ஞாயித்துக்கிழமை தவறாம எனக்கு மெயில் எழுதுவார். போன மாசம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஃபோன் பண்ணினார்.

"எய்யா, நீ புனேக்குப் போயிருந்தியா?"

"இல்லையே பெரியப்பா, பெங்களூர்லதான் இருக்கேன். ஏன்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா விஷயம் வந்தது. ஞாயித்துக்கிழமை நான் மெயில் அனுப்பியிருக்கேன். புனேக்கு டிரெய்னிங் வந்தேன், சின்ன ஆக்ஸிடென்ட், ஃபோன் தொலைஞ்சு போச்சு, ஆஸ்பத்திரிக்குக் கட்ட பதினஞ்சாயிரம் வேணும், அப்பாகிட்ட சொல்ல வேண்டாம், பயந்துடுவார். பெரியப்பா திங்கக்கிழமை காலைல பேங்குக்கு நடந்தே போய், ஃபாரம் எழுதிக் கொடுத்து பணத்தை அனுப்பிட்டார்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சிரிச்சேன். "என்ன பெரியப்பா, இவ்ளோ படிச்சவர், எந்த அட்ரஸ்ல இருந்து வந்துச்சுன்னு பாக்க மாட்டீங்களா?"ன்னு கேட்டேன்.

"பாத்தேன்யா. உன் அட்ரஸ்தான்."

சரி, யாரோ என் பேரைப் போட்டு டூப்ளிகேட்டா அனுப்பியிருக்கான்னு நினைச்சேன். மெயில்ல அனுப்புநர் அட்ரஸுங்கறது இன்லேண்டு லெட்டர் பின்னாடி எழுதுற அட்ரஸ் மாதிரிதான். யார் வேணா எதை வேணா எழுதலாம். 1982-ல் ஜான் போஸ்டல் எழுதின ஆர்.எஃப்.சி. 821-ல எஸ்.எம்.டி.பி.யோட விதிகள் இருக்கு. எழுதினவர் நிஜமாவே அவர்தானான்னு சரிபார்க்க அதுல வழியே கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் அறிஞ்ச ஆராய்ச்சிக்காரங்க கொஞ்ச பேர் பேசிக்கத்தான் அப்போ அது. அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

பூட்டெல்லாம் பின்னாடிதான் வந்தது. எந்த சர்வருக்கு இந்த டொமைன் பேர்ல அனுப்ப அனுமதின்னு சொல்ற எஸ்.பி.எஃப். 2006-ல் ஆர்.எஃப்.சி. ஆச்சு. மெயிலுக்குக் கையெழுத்துப் போடுற டி.கே.ஐ.எம். 2007-ல். இந்த ரெண்டையும் அனுப்புநர் அட்ரஸோட பொருத்திப் பாக்குற டிமார்க் 2012-ல் அறிவிச்சு, 2015-ல் ஆர்.எஃப்.சி. ஆச்சு. மொத்தமா மெயில் அனுப்புறவங்க இந்த மூணையும் வெச்சிருக்கணும்னு ஜிமெயிலும் யாஹூவும் கண்டிப்பாக்கினது 2024 பிப்ரவரியில.

அதனால அந்த மெயிலோட முழு ஹெடரையும் பெரியப்பாகிட்ட கேட்டு வாங்கினேன். எடுத்துக் கொடுக்க அரை மணி நேரம் ஆச்சு. அதைப் பாத்ததும் எனக்கு வேர்த்துருச்சு. எஸ்.பி.எஃப். பாஸ். டி.கே.ஐ.எம். பாஸ். டிமார்க் பாஸ். போலி மெயிலா இருந்தா இங்கதான் மாட்டியிருக்கும். இது என் அக்கவுண்ட்ல இருந்தே போன மெயில். பதில் போக வேண்டிய அட்ரஸ்ல மட்டும் ஒரு எழுத்து கூடுதலா இருந்தது.

பெரியப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, "ஹெடர்ங்கறது தபால் முத்திரை மாதிரி பெரியப்பா"ன்னு ஆரம்பிச்சேன். அவரே முடிச்சிட்டார்: "அப்போ முத்திரை உண்மை. திருடன் நம்ம தபாலாபீஸ்க்குள்ளயே உக்காந்து குத்தியிருக்கான்."

அதேதான். காலேஜ் காலத்து அக்கவுண்ட் அது. அதே பாஸ்வேர்டை வேற ஒரு சைட்லயும் வெச்சிருந்தேன், அங்கிருந்து கசிஞ்சிருக்கு. ரெண்டாவது படிச் சரிபார்ப்பும் போடலை. 'யாருக்கு வேணும் இந்தப் பழைய பொட்டி'ன்னு விட்டுட்டேன். உள்ள போய்ப் பாத்தா, நான் உருவாக்காத ஒரு ஃபில்டர். பெரியப்பாகிட்ட இருந்து எது வந்தாலும் நேரா குப்பைக்குப் போகணும்னு. கூடவே என் மெயில் எல்லாம் இன்னொரு அட்ரஸுக்கு ஃபார்வர்ட் ஆகிட்டு இருந்தது. பாஸ்வேர்ட் மட்டும் மாத்தியிருந்தா அந்த ஃபார்வர்ட் அப்படியே ஓடிட்டு இருந்திருக்கும். பெரியப்பாவோட பழைய மெயிலையெல்லாம் உக்காந்து படிச்சிருக்கான் அந்தப் பய. "முட்டுவலி எப்படி இருக்கு பெரியப்பா"ன்னுதான் அவன் ஆரம்பிச்சிருந்தான். என்னை மாதிரியே இங்கிலீஷ் எழுத்துல தமிழ்.

ஆக, ஏமாந்தவர் பெரியப்பா, கதவைத் திறந்து போட்டவன் நான். மாசாமாசம் கம்ப்யூட்டரை வெச்சு சம்பளம் வாங்குற நான்!

இதைவிட உறுத்துற விஷயம் ரெண்டு இருக்கு.

ஒண்ணு, அந்த ஞாயித்துக்கிழமை அதே மாதிரி மெயில் என் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேருக்கும் போயிருக்கு. நாலு பேரும் நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்க. பாத்ததுமே ஃபிராடுன்னு கண்டுபிடிச்சு, சிரிச்சுட்டு, டெலிட் பண்ணிட்டாங்க. ஒருத்தனும் எனக்கு ஒரு ஃபோன் பண்ணலை. பண்ணியிருந்தா திங்கக்கிழமை பேங்க் திறக்குறதுக்குள்ள பெரியப்பாவைத் தடுத்திருக்கலாம்.

ரெண்டாவது, பெரியப்பாவுக்கு திங்கக்கிழமை சாயங்காலமே விஷயம் தெரியும். அப்பாகிட்ட பேச்சுவாக்குல "பய எப்படி இருக்கான்?"னு கேட்டிருக்கார். "நல்லாத்தான் இருக்கான், நேத்துகூட பேசினான்"னு அப்பா சொல்லியிருக்கார். அப்பவே புரிஞ்சிடுச்சு. அப்புறமும் மூணு நாள் யார்கிட்டயும் சொல்லலை. ஏன்னு கேட்டேன். "நீங்கல்லாம் சிரிப்பியேன்னுதான்யா."

நான் சிரிச்சேன்.

அந்த மூணு நாள்தான் திருடனுக்குக் கிடைச்ச லாபம். 1930-க்கு உடனே ஃபோன் பண்ணினா, பணம் அக்கவுண்ட் மாறிப் போறதுக்குள்ள நிறுத்தி வைக்க ஒரு வாய்ப்பு இருக்கு. நாங்க வெள்ளிக்கிழமை காலைல புகார் கொடுத்தோம். அதுக்குள்ள அந்த அக்கவுண்ட்ல ஒண்ணும் மிச்சமில்லை.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். 'அட்ரஸைப் பாருங்க'ன்னு பெரியவங்களுக்கு நாம கொடுக்கிற அட்வைஸ் போதாது. பெரியப்பா பாத்தார், அட்ரஸும் சரியாத்தான் இருந்தது. ஏமாந்தவங்களைப் பாத்து நாம சிரிக்கிறதுதான் அவங்க வாயை அடைக்குது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 66சி, 66டி-ன்னு ரெண்டு பிரிவு இருக்கு, அடுத்தவன் அடையாளத்தைத் திருடுறதுக்கும் ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துறதுக்கும். ரெண்டுலயும் குத்தவாளி திருடன்தான். ஏமாந்தவர் இல்லை. இதை வீட்ல சத்தமா சொல்லணும்.

நாம செய்ய வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கு. பழைய அக்கவுண்டை ஒண்ணு மூடுங்க, இல்லைன்னா ரெண்டாவது பூட்டு போடுங்க. ஃபில்டர், ஃபார்வர்ட், ரெக்கவரி நம்பர், எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கீங்க, எல்லாத்தையும் ஒரு தடவை பாருங்க. அது உங்க பொட்டிதான், ஆனா அதுக்குள்ள இருக்கிறது உங்க பெரியப்பாவோட முட்டுவலி. நண்பன் பேர்ல விசித்திரமா மெயில் வந்தா டெலிட் பண்றதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு ஃபோன் போடுங்க.

பெரியப்பா பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன்னார், பெரியம்மாகிட்ட கொடுத்துட்டு வந்தேன். இப்போ எங்க வீட்ல ஒரு சட்டம் இருக்கு. யார் பணம் கேட்டாலும் ஒரு கேள்வி கேக்கணும், பதில் எந்த மெயில்லயும் இருக்கக் கூடாது. குரலைக்கூட போலியா செய்யுற காலம்ல. கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர் பெரியப்பாதான். போன வாரம் சும்மா நலம் விசாரிக்கக் கூப்பிட்டேன், என்னையே கேட்டுட்டார். பதில் சொன்ன பிறகுதான் பேசவே ஆரம்பிச்சார்.

டிஸ்கி: அந்தக் கேள்வி என்னன்னு யாரும் கேக்காதீங்க, ப்ளீஸ்.