வலியைச் சகிப்பது பொறுமையாகிவிடுமா?

"உட்கார்ந்த இடத்தில் சம்பாதிப்பவனுக்கு என்ன வலி?" நம் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் கேள்வி இது. மூட்டை சுமந்தும் வளைகுடா வெயிலில் நின்றும் குடும்பத்தைக் காத்த தலைமுறைக்கு, குளிரூட்டிய அறையில் கணினிமுன் அமரும் பிள்ளையின் கழுத்துவலி அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் அக்கேள்வி அநீதியானது.

அசையாமல் அமர்ந்திருப்பது ஓய்வன்று. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. திரையை நோக்கி அது குனியக் குனியக் கழுத்தின் மீதான சுமை பெருகுகிறது. அதைத் தாங்கும் தசைகள் மணிக்கணக்கில் இறுகியே இருப்பதால் அவற்றில் இரத்த ஓட்டம் குறைந்து வலி பிறக்கிறது. திரையை உற்றுநோக்கும்போது இமைப்பது குறைவதால் கண் உலர்ந்து எரிகிறது.

இக்கால இளைஞர்கள் மென்மையாகிவிட்டதால் வந்த நோயும் அன்று இது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழில்சார் நோய்கள் பற்றிய தம் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் துன்பத்தைத் தனியே ஆராய்ந்தார். ஓயாத அமர்வு, கையின் ஒரேவிதமான இடைவிடாத அசைவு, மனத்தின் இறுக்கம் என மூன்று காரணங்களைக் கூறினார். அன்று இறகுப் பேனா, இன்று விசைப்பலகை, காரணங்கள் மாறவில்லை.

"ஸப்ர் செய்" என்போரும் உளர். விலக்க இயலாத சோதனையில் உறுதியாய் நிற்பதே ஸப்ர். நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தால் குறையும் வலியைச் சுமந்து திரிவது பொறுமையன்று, அலட்சியம். பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் கழித்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கே, உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்தின் பெயரால் பறிக்கக் கூடாத உரிமையை அலுவலகத்தின் பெயரால் பறிக்கலாமா?

இக்கேள்வி முதலாளிகளுக்கும் உரியது. திரைமுன் பணிபுரிவோரின் இருக்கையையும் மேசையையும் ஆராய்ந்து குறை களைவது, இடையிடையே பணியை மாற்றித் தருவது, கண் பரிசோதனைக்கு வழிசெய்வது ஆகியவற்றை ஐரோப்பியச் சமூகம் 1990-லேயே நிறுவனங்களின் கடமையாக்கியது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்க்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முதுகு சாய இடமற்ற ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு, நாள் முழுவதும் பில் போடச் சொல்பவர் அச்சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றியவர் ஆகார். கூலியைக் குறைவின்றிக் கொடுத்துவிட்டோம் என்பதால் உழைப்பவனின் முதுகெலும்பு நமக்குச் சொந்தமாகிவிடாது.

பணியாளரும் தம் பங்கை மறுக்க முடியாது. பல்லாயிரம் ரூபாய் நாற்காலி வாங்கி அதில் நான்கு மணிநேரம் அசையாதிருப்பவரை எந்த நாற்காலியும் காக்காது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழவோ, கைநீளத் தொலைவில் இருக்கட்டும். முழங்கை உடலை ஒட்டியும், பாதம் தரையிலோ ஒரு பலகையிலோ ஊன்றியும் இருக்கட்டும். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாயிருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். அதைச் சில தடித்த புத்தகங்களின் மேல் உயர்த்தித் தனி விசைப்பலகை இணைத்தால் போதும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவை 20 விநாடி பாருங்கள். அரைமணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நடங்கள். விரல்கள் மரத்தாலோ, வலி கைக்கோ காலுக்கோ பரவினாலோ தைலத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கழுத்தைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினால் ஏளனம் செய்யாதீர்கள். எத்தனை மணிநேரம், எதன்மீது அமர்ந்திருந்தான் என்று கேளுங்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணச் சொல்வது செல்லம் கொடுப்பது ஆகாது.