உதட்டுக்கு ஊசி, உடம்புக்கு விளக்கு: ஒரே கடையில் இரு வியாபாரம்

இங்கிலாந்தின் வடபகுதியில் லிவர்பூல், சண்டர்லேண்ட் போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில் டேனிங் கடைகள் சர்வசாதாரணம். புற ஊதா விளக்குகள் வரிசையாகப் பதித்த ‘சன்பெட்’ பெட்டிக்குள் சில நிமிடங்கள் படுத்து எழுந்தால் வெள்ளைத் தோல் பழுப்பேறும். நாம் குடையும் துப்பட்டாவுமாகத் தப்பியோடுகிற வெயிலை அவர்கள் நிமிடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இப்படிப்பட்ட கடைகள் சிலவற்றின் பின்னறையில் இன்னொரு தொழிலும் சேர்ந்துகொண்டது. உதட்டைப் பருக்கவைக்கும் ஃபில்லர் ஊசி. ஊசி போட்டு முடித்ததும் கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். சூடான குளியல் வேண்டாம், சானா வேண்டாம், ஜிம் வேண்டாம், மது வேண்டாம், சன்பெட் வேண்டாம். கடைசி வரி, அதே கடையின் முன்னறையில் விற்கும் சரக்கைப் பற்றியது.

அந்தத் தாள் சொல்வது எதுவும் தவறில்லை. ஆனால் சின்ன ஆபத்தைப் பெரிய எழுத்திலும், பெரிய ஆபத்தைச் சின்ன எழுத்திலும் சொல்கிறது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். உதட்டு ஃபில்லர்களில் பெரும்பாலானவை ஹயலூரோனிக் அமிலத்தால் ஆன கூழ். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்த பொருள் இது; நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே இருப்பது. சும்மா செலுத்தினால் உடல் சில நாட்களில் கரைத்துவிடும் என்பதால், அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கூழாக்கி விற்கிறார்கள். ஒரு சிரிஞ்சில் இருப்பது பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டர், அதாவது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. உதடு ரத்த ஓட்டம் மிகுந்த இடம். ஊசி பலமுறை நுழையும்போது நுண்குழாய்கள் கிழிகின்றன. கூழ் தன்னைச் சுற்றி நீரை இழுத்துக்கொள்கிறது. முதல் ஒன்றிரண்டு நாட்களில் வீக்கம் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். இந்த நேரத்தில் சானாவில் உட்கார்ந்தாலும் கொதிக்கும் நீரில் குளித்தாலும் ரத்தக் குழாய்கள் விரியும். வீக்கம் கூடும், கன்றியது பரவும். சூட்டைத் தவிர்க்கச் சொல்வதன் முதல் காரணம் இவ்வளவுதான்.

ஜூவடேர்ம் என்ற ஃபில்லரின் கையேடு கடும் உடற்பயிற்சி, அதிக வெயில், சூடு, மது ஆகியவற்றை முதல் 24 மணி நேரம் தவிர்க்கச் சொல்கிறது. கடைகளின் தாள்களிலோ அது இரண்டு வாரம் வரை நீள்வதுண்டு. ‘சூட்டில் ஃபில்லர் உருகிவிடும்’ என்ற பயமும் வாடிக்கையாளர்களிடம் உலவுகிறது. அந்தக் கூழ் ஆலையில் 120 டிகிரிக்கும் மேற்பட்ட நீராவியில் கிருமிநீக்கம் செய்யப்பட்டுத்தான் சிரிஞ்சில் வருகிறது. அதைத் தாங்கிய பொருள் சானாவில் உருகி வழியப்போவதில்லை. அதைக் கரைப்பது உடலின் நொதிகள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். காசு போட்டு வாங்கிய சரக்கு கெட்டுவிடும் என்று பயந்து பலர் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கிறார்கள். கடைக்காரருக்கும் அந்தப் பயம் வசதியானது. மறுநாள் உதடு கோணலாக வீங்கினால், ‘வெந்நீரில் குளித்திருப்பீர்கள்’ என்று சொல்லிவிடலாம் அல்லவா?

வெயிலின் கதை வேறு. சூடும் புற ஊதாக் கதிரும் ஒன்றல்ல, ஆனால் தாள் இரண்டையும் ஒரே வரியில் கட்டிவைக்கிறது. சூட்டின் விளைவு இரண்டு நாளில் போய்விடும். கதிரின் விளைவு சேர்ந்துகொண்டே போகும். உதட்டின் சிவந்த பகுதியில் மேல்தோல் மிக மெல்லியது, காப்பு நிறமியும் குறைவு. வானைப் பார்த்துத் திரும்பியிருக்கும் கீழுதடுதான் அதிகம் அடிபடுவது. வெளி உதட்டில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை கீழுதட்டில் வருவதற்கு இதுவே காரணம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் டேனிங் கருவிகளைப் புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் முதல் பிரிவிலேயே சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டில் சன்பெட்டைத் தடைசெய்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரேலிய மாநிலங்கள் ஒவ்வொன்றாக இந்த வியாபாரத்தை மூடின. பிரிட்டன் மூடவில்லை. ஐரோப்பியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவே புற ஊதாக் குறியீட்டில் ஏறக்குறைய 12, நம் ஊர்ச் சித்திரை மாதத்து உச்சி வெயிலுக்குச் சமம். இங்கிலாந்தின் சன்பெட்களை ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் அளந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, பத்தில் ஒன்பது அந்த வரம்பையும் தாண்டியவை.

அப்படியானால் ‘இரண்டு வாரம் சன்பெட் வேண்டாம்’ என்ற வரிக்கு என்ன பொருள்? பதினைந்தாம் நாள் வந்து படுத்துக்கொள்ளலாம் என்பதுதான். ஊசியால் வந்த காயத்துக்கு மட்டும் கவலைப்பட்டு, அந்த உதட்டுக்குச் சொந்தக்காரரை முன்னறைக்குத் திருப்பி அனுப்புகிறது தாள்.

ஊசியும் கதிரும் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு. ஹெர்பீஸ் வைரஸால் உதட்டோரம் கொத்தாக வரும் நீர்க்கொப்புளம். 50 வயதுக்குட்பட்ட உலக மக்களில் சுமார் 380 கோடிப் பேர் இந்த வைரஸின் முதல் வகையைச் சுமப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. பெரும்பாலோருக்கு அது நரம்பில் உறங்கிக் கிடக்கும். ஊசிக் காயம் அதை எழுப்பலாம். புற ஊதாக் கதிரும் எழுப்பும். 1991இல் லான்செட் இதழில் வந்த சிறிய ஆய்வு ஒன்றில், அடிக்கடி இக்கொப்புளம் வருபவர்களின் உதட்டில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். வெறும் களிம்பு பூசியபோது பத்தில் ஏழு பேருக்குக் கொப்புளம் வந்தது. சன்ஸ்கிரீன் பூசியபோது ஒருவருக்கும் வரவில்லை. விலை குறைவான ஓர் உதட்டுக் களிம்பின் பலன் இது. ஊசித் துளைகள் மூடியபின் அதைப் பூசிக்கொள்ளும்படி ஒரு வரி எழுதினால் போதும். முன்பு கொப்புளம் வந்தவர்களுக்கு ஊசிக்கு முன்பே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பது மருத்துவர்களின் வழக்கம். பின்னறையில் சிரிஞ்சு பிடிப்பவரால் அந்தச் சீட்டை எழுத முடியாது.

உண்மையான ஆபத்து இன்னும் உள்ளே இருக்கிறது. கூழ் தவறி உதட்டுத் தமனிக்குள் போனாலோ, அதை வெளியிலிருந்து நெருக்கினாலோ, ரத்தம் நின்றுவிடும். உதடு வெளிறும், பின் வலைபோலத் திட்டுத்திட்டாக நீலம் பாயும், வீக்கத்துக்குப் பொருந்தாத வலி வரும். சில மணி நேரத்தில் கவனிக்காவிட்டால் தோல் செத்துவிடும். அரிதாக, ஃபில்லர் கண்ணின் ரத்தக்குழாயை எட்டிப் பார்வையே போனதும் உண்டு. சூட்டைத் தவிர்ப்பதன் முக்கியமான காரணம் இங்கேதான் வருகிறது. வெந்நீரிலும் சன்பெட்டிலும் உதடு ஏற்கெனவே சிவந்து வீங்கியிருந்தால், இந்த அறிகுறி அதற்குள் ஒளிந்துகொள்ளும். போதாததற்குப் பல ஃபில்லர்களில் மரத்துப்போகும் மருந்தும் கலந்தே வருவதால் முதல் வலி தெரியாமல் போகலாம். முதல் இரண்டு நாள் உதட்டைத் தொந்தரவின்றி விட்டுவைப்பது அழகுக்காக மட்டுமல்ல. அது என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்காகவும்தான். நான் பார்த்த தாள்களில் இந்த எச்சரிக்கை சானாவுக்கும் லிப்ஸ்டிக்கிற்கும் நடுவே ஒரு வரியாகக் கிடக்கிறது.

லண்டனிலும் லெஸ்டரிலும் வாழும் தமிழ்ப் பெண்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ‘வெளிறினால் கூப்பிடுங்கள்’ என்ற வரி வெளிர்நிற உதட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கருமை படர்ந்த உதட்டில் வெளிறுவது அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. விரலால் மெல்ல அழுத்தி விட்டால் நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்ப்பதும், இடதுபுறத்தை வலதுபுறத்தோடு ஒப்பிடுவதும், வலியை நம்புவதும்தான் வழி. நம் தோலில் காயம் ஆறிய இடம் கறுத்து நிற்பதும் அதிகம். ஆறும் காலத்தில் வெயில் பட்டால் அந்தக் கறுப்பு ஆழமாகும். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு ஊசி போட்டுக்கொண்டு, வீங்கிய உதட்டோடு ஓமப் புகைமுன் மணிக்கணக்கில் உட்காரத் திட்டமிடுபவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், அல்லது போடாமலே இருங்கள்.

தமனி அடைபட்டால் மாற்று மருந்து உண்டு. ஹயலூரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்தினால் கூழ் கரையும். பிரிட்டனில் ஃபில்லருக்கு மருந்துச் சீட்டு தேவையில்லை, அதைக் கரைக்கும் நொதிக்குத் தேவை. தேனீ கொட்டினால் ஒவ்வாமை வருகிறவர்களுக்கு அந்த நொதியே ஆபத்தாகலாம் என்பதால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் விளைவைப் பாருங்கள். சிக்கலை உண்டாக்க எவருக்கும் அனுமதி, தீர்க்க மட்டும் தகுதி வேண்டும்!

இது யாரும் கவனிக்காமல் நடந்ததல்ல. இங்கிலாந்து தேசிய சுகாதாரச் சேவையின் மருத்துவ இயக்குநராக இருந்த புரூஸ் கியோ 2013இல் தந்த அறிக்கை, ஃபில்லர் போட்டுக்கொள்பவருக்கு ஒரு பேனாவோ பல்துலக்கியோ வாங்குபவரைவிட அதிகப் பாதுகாப்பில்லை என்றது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஃபில்லர் போடுவது இங்கிலாந்தில் 2021 அக்டோபரில் குற்றமானது. சன்பெட்டுக்கு அந்த வயது வரம்பு 2011 முதலே உண்டு. உரிமம் கொண்டுவரும் அதிகாரத்தை 2022 சட்டம் அரசுக்குத் தந்தது. 2023இல் கருத்துக் கேட்டார்கள். 2025 ஆகஸ்டில் மறுபடியும் திட்டம் அறிவித்தார்கள். கியோ அறிக்கைக்கும் அந்த அறிவிப்புக்கும் நடுவே 12 ஆண்டுகள்.

அந்த இடைவெளியை நிரப்பியது இந்தத் தாள்தான். ஊசி போடுபவர்மீது சட்டம் சுமத்தாத பொறுப்பை, போட்டுக்கொள்பவர்மீது அது சுமத்துகிறது. உரிமம் வரும்போது அதில் இரண்டு நிபந்தனைகள் இருக்க வேண்டும். ஹயலூரோனிடேஸும் அதைச் செலுத்தத் தெரிந்த மருத்துவரோ செவிலியரோ இல்லாத இடத்தில் ஃபில்லர் ஊசி கூடாது. ஃபில்லர் உரிமம் பெற்ற கடைக்குள் சன்பெட் இருக்கக் கூடாது. அதுவரை, ஊசிக்கு முன் கேளுங்கள்: ‘நொதி இந்த அறையில் இருக்கிறதா, அதை யார் போடுவார்கள்?’ பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.