‘சும்மா புதினாதான்’ என்று சொல்லாதீர்கள்

வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று நோயாளியுடன் வந்தவரைக் கேட்டால், மாத்திரைகளின் பெயரைச் சொல்வார். வேறு ஏதேனும் உண்டா என்று மீண்டும் கேட்டால்தான், “சும்மா புதினாத் தைலம் தேய்த்தோம்”, “இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் கொடுத்தோம்” என்ற விடை வரும். அந்தச் ‘சும்மா’ என்னும் சொல்லோடுதான் எங்களுக்குப் பிணக்கு. பெப்பர்மின்ட் எண்ணெயும் அதன் சாரமாகிய மெந்தாலும் உண்மையிலேயே மருந்துகள். மருந்து என்பதனாலேயே அவற்றுக்கு அளவு உண்டு. கொடுக்கும் முறை உண்டு. கொடுக்கலாகாத நோயாளியும் உண்டு.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். துவையலுக்கும் பிரியாணிக்கும் நாம் கட்டுக்கட்டாக வாங்கும் புதினா, பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் என்னும் வகையைச் சேர்ந்தது. அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்னும் பொருள். மெந்தால் அதில் மிகச் சிறிதே. பெப்பர்மின்ட், அந்த ஸ்பியர்மின்டும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்த கலப்பினம். முளைக்கும் விதை அதில் அரிது. தண்டைப் பதித்தே பயிராக்குகிறார்கள். இங்கிலாந்தின் தாவரவியலாளர் ஜான் ரே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைக் குறித்துவைத்தார். 1721இல் லண்டன் மருந்துநூலில் இடம்பெற்றது. மூன்றாவதாக மெந்தால் புதினா என்று ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி முதலிய மாவட்டங்களில் பரந்த அளவில் பயிராவது இதுவே. மெந்தால் மிகுதியாகக் கிடைப்பதும் இதிலிருந்துதான். நாட்டு மருந்துக் கடையில் ‘புதினா உப்பு’ என்ற பெயரில் ஊசி ஊசியாகக் கிடைக்கும் வெண்ணிறப் படிகம் மெந்தாலே. உப்பு என்பது பெயரளவில்தான்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துவையல் தின்று கேடு வந்ததில்லை என்னும் தலைமுறை அனுபவத்தை வைத்துக்கொண்டு, எண்ணெயையும் படிகத்தையும் அதே துணிவோடு கையாளுகிறோம். ஒரு பிடி இலையில் இருப்பது வேறு. கூடை கூடையாக இலையை வடித்திறக்கிய எண்ணெயின் ஒரு சொட்டில் இருப்பது வேறு.

மெந்தால் தோலில் பட்டதும் குளிர்கிறதே, அது எப்படி? தோலின் வெப்பநிலை குறைவதாலன்று. குளிரை உணர்வதற்கென்று நரம்பு முனைகளில் ஓர் ஏற்பி இருக்கிறது. மெந்தால் அதனைத் தூண்டிவிடுகிறது. மூளையோ, ‘குளிர் வந்தது’ என்று எடுத்துக்கொள்கிறது. அந்த ஏற்பி 2002இல் கண்டறியப்பட்டது. வெப்பம், தொடுகை ஆகியவற்றை உடல் உணரும் விதத்தை விளக்கியமைக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரின் ஆய்வுகளிலும் இந்த மெந்தாலுக்கு இடம் உண்டு. மூக்கடைப்புக்குத் தைலம் முகரும்போதும் இதுவே நிகழ்கிறது. காற்று தாராளமாகப் போய்வருவது போன்ற உணர்வு உண்டாகிறது. கருவி வைத்து அளந்தால் அடைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அந்த உணர்வால் ஒருவர் நிம்மதியாக உறங்கினால் அதுவும் நன்மையே. அதனை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆறுதல் தோன்றியது என்பதும் நோய் தணிந்தது என்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றின் கதை வேறு. அங்கே பெப்பர்மின்ட் உணர்வை மாற்றுவதோடு நில்லாமல் வேலையும் செய்கிறது. குடற்சுவரின் தசைக்குள் கால்சியம் நுழையும் வழியை மெந்தால் தடுப்பதால், இறுகிப் பிடித்த தசை தளர்கிறது. ஜப்பானில் இரைப்பைக்குள் குழாய் செலுத்திச் சோதிக்கும்போது, இரைப்பையின் அசைவை அடக்குவதற்கு மெந்தால் கரைசலையே தெளிக்கிறார்கள். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்குப் பெப்பர்மின்ட் எண்ணெய்க் குளிகையைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் கல்லூரி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சான்று வலுவானதன்று என்றும் அதுவே கூறுகிறது. 392 நோயாளிகள் பங்குபெற்ற நான்கு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான கட்டுரை நல்ல பலன் காட்டியது. நெதர்லாந்தில் 190 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வயிற்றுவலி குறைந்தோர் எண்ணிக்கையில் வெற்று மாத்திரையை விஞ்சிய தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இதனைச் சர்வரோக நிவாரணி என்பாரோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குவாரோடும் உடன்பாடில்லை.

இந்தக் குளிகையில் ஒரு நுட்பம் உண்டு. இரைப்பையில் கரையாமல் குடலுக்குச் சென்ற பின்னரே கரையும்படி உறையிட்டிருப்பார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு வேளைக்கு 0.2 மில்லி எண்ணெய் கொண்ட ஒரு குளிகை, உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக, நாளொன்றுக்கு மூன்று வேளை. அதனைக் கடித்தாலோ, அமிலம் குறைக்கும் மருந்தோடு சேர்த்து விழுங்கினாலோ உறை இரைப்பையிலேயே கரைந்துவிடும். குடல் தசையைத் தளர்த்தும் அதே பொருள், உணவுக்குழாயின் அடியிலுள்ள வாயையும் தளர்த்துமாகையால், அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் மிகும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர் ‘செரிமானத்துக்கு நல்லது’ என்று இரவு உணவுக்குப் பின் பெப்பர்மின்ட் மிட்டாயைச் சப்பிக்கொண்டே படுப்பது, எரிகிற அடுப்பில் விறகு வைப்பதாகும். பித்தப்பைக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இக்குளிகையைத் தொடவேண்டாம்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். இரவு உணவுக்குப் பின் ஐம்பது, அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு நெஞ்சு இறுகுகிறது. வீட்டார் ‘வாயு’ என்கிறார்கள். அவரும் அப்படியே நம்ப விரும்புகிறார். ஓமத்திரவம் வருகிறது, புதினாச் சொட்டு வருகிறது, மார்பில் தைலம் தேய்க்கிறார்கள். தொண்டை குளிர்கிறது, ஓர் ஏப்பம் வருகிறது, எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அது மாரடைப்பாக இருந்தால், அந்த இரவு முழுவதும் இதயத்தசை சிறிது சிறிதாக மடிந்துகொண்டிருக்கும். அடைபட்ட இரத்தக்குழாயை மெந்தால் திறக்காது. ஏப்பம் வந்தது என்பது இதயம் நலமாயிருப்பதற்குச் சான்றும் அன்று. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் மாரடைப்பு, வெறும் செரியாமை போலவே வேடமிட்டு வருவதுண்டு. நெஞ்சில் பாரம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். வாயுதான் என்று தெரிந்து நீங்கள் திரும்பிப் போனால், வீணாக வந்தீர்கள் என்று எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்.

குழந்தைகளின் பொருட்டும் அதே கண்டிப்போடு பேசவேண்டியிருக்கிறது. சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கருகிலும் மார்பிலும் தைலம் தடவுவது பல வீடுகளில் அன்பின் அடையாளம். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மெந்தாலின் நெடி குரல்வளையை இறுகச் செய்து மூச்சையே நிறுத்திவிடக்கூடும். கற்பூரம் உடலுக்குள் சென்றால் வலிப்பு வரும். மெந்தால், ஓம உப்பு, கற்பூரம் ஆகிய மூன்று படிகங்களையும் ஒரு குப்பியில் இட்டால் அவை தாமே நீராக உருகும். வீட்டிலேயே இப்படித் தைலம் செய்வோர் பலர். வேடிக்கையான காட்சிதான். ஆனால் பார்ப்பதற்குத் தண்ணீர் போல் இருக்கும் அந்தக் குப்பி, தவழும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்கவேண்டிய பொருள்.

முதியோர்க்கும் ஒரு சொல். மூட்டுவலித் தைலங்கள் பலவற்றில் மெந்தாலோடு விண்டர்கிரீன் எண்ணெயும் சேர்ந்திருக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர் அதனை நாள்தோறும் தாராளமாகத் தேய்த்தால், தோல் வழியே உட்சென்று, இரத்தக்கசிவு நேரும் அளவுக்கு மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும்.

வீட்டு வைத்தியத்தைச் சொன்னால் மருத்துவர் ஏளனம் செய்வார் என்னும் அச்சமே பலரை மறைக்கச் செய்கிறது. ஒருமுறை ஏளனத்துக்கு ஆளானவர் மறுமுறை வாய் திறக்கமாட்டார். இழப்பு இரு தரப்புக்கும்தான். எனவே மாத்திரைகளைக் கேட்பது போலவே தைலம், கஷாயம், சொட்டு மருந்து ஆகியவற்றையும் முகம் சுளிக்காமல் கேட்டு, நோயாளியின் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது மருத்துவர், செவிலியர் அனைவரின் கடமை என்பது எங்கள் கருத்து. நீங்களும் அடுத்த முறை வரும்போது, மாத்திரைப் பையோடு அந்தக் குப்பியையும் எடுத்துவாருங்கள். மேலே பெயர்ச்சீட்டு இல்லாவிட்டாலும் தாழ்வில்லை. மூடியைத் திறந்தால் பாதி விவரத்தை மணமே சொல்லிவிடும். மீதியை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.