நினைவு மலரில் பேரப்பிள்ளைகளும் எழுதுக

நீத்தாரை நினைந்து போற்றுதல் தமிழர்தம் தொன்மையான பண்பு. வீழ்ந்த மறவனுக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகின்றது. இல்வாழ்வானின் கடமைகளை அடுக்கிய வள்ளுவர், முன்னோராகிய தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்னர் வைத்தார்.

யாழ்ப்பாணத்திலே இம்மரபு அச்சிலும் தொடர்ந்தது. ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் அவர்தம் நினைவு மலர் வெளிவரும். தேவார திருவாசகங்களோடு அன்னாரின் ஊர், கற்ற பாடசாலை, செய்த தொழில், உறவுமுறை யாவும் அதில் இடம்பெறும். 2005 இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம நூலகம் இம்மலர்களையும் பாதுகாத்து வருகின்றது. 1981 இல் யாழ். பொது நூலகத்தையும் ஏறத்தாழ 97,000 நூல்களையும் தீக்கு இழந்த சமூகம் நாம். ஒரு கமக்காரரின் வாழ்வைச் சொல்லும் சிற்றேடும் நமக்கு வரலாறேயாகும்.

ஆனால், சன்னிவேலில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதில் பங்குண்டா? ஊரின் பகல் நமக்கு இரவு. துயரச் செய்தி நள்ளிரவில் வருகின்றது. பெற்றோர் கதவைச் சாத்திக்கொண்டு அழுகின்றனர். பிள்ளை வருந்துமே என்னும் அன்பினால், மறுநாள் ஒன்றும் நிகழாததுபோற் பள்ளிக்கு அனுப்புகின்றனர். சில நாட்களில் சுவரிலே மாலையிட்ட படமொன்று ஏறுகின்றது. அதன் கதை மட்டும் பிள்ளைக்குக் கிட்டுவதில்லை.

எம் அன்னையார் மறைந்தபோது, எமது தஞ்ச விண்ணப்பம் முடிவாகாதிருந்தமையால் நாம் ஊர் செல்ல இயலவில்லை. ஈமக்கிரியைகளைக் கைத்தொலைபேசியிற் கண்டோம். எம் மகளையும் அருகில் இருத்தினோம். மலருக்கென அவள் ஆறு வரிகள் எழுதினாள். ஞாயிறுதோறும் அப்பம்மா தொலைபேசியில் முதலிற் கேட்பது, "சாப்பிட்டியே குஞ்சு?" என்பதே என்றும், இனி அதை யார் கேட்பார் என்றும் எழுதினாள். லகர ளகரப் பிழைகளைத் திருத்தினோம், சொல்லை மாற்றவில்லை. பெரியோரின் புகழுரைகள் பல இருந்தும், ஊரவர் எமக்குச் சொல்லி அழுதது அந்த ஆறு வரிகளைத்தான்.

பிள்ளைகள் துயரத்தைத் தாங்குவரோ எனச் சிலர் ஐயுறுவர். மறைத்தால் துயர் நீங்குவதில்லை. பிள்ளை அதனைத் தனியே சுமக்கின்றது. அவ்வளவு தமிழ் வராதே என்பார்க்கும் ஒன்று கூறுவோம். தாம் நேசித்த ஒருவரைப் பற்றி எழுதும்போதே பிள்ளைக்குத் தமிழ் தன் மொழியாகின்றது. பாடநூற் கட்டுரைகள் பலவற்றால் அது கைகூடுவதில்லை.

ஆதலின், பெற்றோரே! தந்தையர்க்குரிய ஆடி அமாவாசையிலும், தாயர்க்குரிய சித்திரா பௌர்ணமியிலும், கிறித்தவ இல்லங்களில் நவம்பர் 2 ஆம் நாள் கல்லறைத் திருநாளிலும், படையலோடும் மெழுகுதிரியோடும் நின்றுவிடாதீர்கள். மறைந்தவரின் கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒரு பக்கமேனும் எழுதட்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் தாத்தா பாட்டியர் இன்று நம்மோடு இருப்பின், நீங்கள் பேறுபெற்றவர்கள். இவ்வாரமே அழைத்து, அவர்தம் இளமைக் கதையொன்றைக் கேட்டெழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள்.