முட்டை மா வீட்டில் வேண்டாம்



முட்டை மலிவான நாளில் நிறைய வாங்கி, உடைத்து அடித்து, தட்டில் ஊற்றி வெயிலில் காயவைத்து, மாவாக்கிப் போத்தலில் சேமிக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. 1990இல் போர் மூண்டபின் யாழ் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. 2022இல் நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டு. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலையும் வந்தது.

காயவைத்துச் சேமிப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கருவாட்டுக்கு உப்புக் காவல். மோர்மிளகாய்க்கு உப்புடன் புளிப்பும் காவல். நீர் வற்றியபின் கிருமி பெருகாது. ஆனால் வற்றும் வரை ஒரு காவல் வேண்டுமல்லவா?

அடித்த முட்டைக்கு அந்தக் காவல் இல்லை. அதில் முக்கால் பங்கு நீர். மீதி பெரும்பாலும் புரதமும் கொழுப்பும். சல்மொனெல்லா என்னும் கிருமி ஓட்டின்மேல் மட்டுமன்றி, சில வேளை உள்ளேயும் இருக்கும். 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் கிருமிகள் பெருக ஏற்றது. நமது வெயிலில் வைத்த தட்டு அந்த எல்லைக்குள்தான் கிடக்கிறது. காய்ந்த மாவிலும் சல்மொனெல்லா மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோரை அது கடுமையாகத் தாக்கும்.

அப்படியானால் கடை முட்டை மா எப்படி? இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல், பிரித்தானியாவில் பங்கீட்டில் வழங்கிய ஒரு பெட்டி மா 12 முட்டைக்குச் சமம். அது ஆலையில் செய்த மா. இன்றைய ஆலைகளில் அளவான சூட்டில் கிருமியை அழிக்கிறார்கள். முட்டைக் கலவையைச் சூடான காற்றில் தூவி நொடிப்பொழுதில் உலர்த்துகிறார்கள். நம் அடுப்படியில் இது இயலாது.

செய்யக்கூடியவை இவை:

முட்டையைக் கழுவாமல், கூர்முனை கீழாக, நிழலான குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

நீரில் மிதந்தால் பழைய முட்டை. அமிழ்ந்தாலும் கிருமி இல்லையென்று பொருளல்ல, நன்றாக வேகவையுங்கள்.

அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

கடை மாவை ஈரம் படாமல் மூடி வையுங்கள். கரைத்ததை உடனே சமையுங்கள்.

ஒடியலுக்கும் கருவாட்டுக்கும் வெயில் போதும், முட்டைக்குப் போதாது. சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல நேரக்கூடாது.